பெருநாளுக்குக் கொண்டுபோன கதிரை

நோன்பு முடிந்து இரண்டு மூன்று கிழமை இருக்கும். ஒரு பகல் பொழுது, பக்கத்து வீட்டு மர்ளியா ராத்தா கையில் ஒரு மால்ட் டின்னும் பிஸ்கட் பக்கெட்டுமாக எங்கள் வீட்டுக்கு நோய் விசாரிக்க வந்தார்.

நல்ல விஷயம்தானே? எங்கள் ஊர் சாய்ந்தமருதில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தாலே நாலு வீட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு சிக்கல்தான்... எங்கள் வீட்டில் யாருக்கு நோய் என்று எனக்கே தெரியாது!

ராத்தா உள்ளே வந்து, இருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பிக்கு இப்ப எப்பிடிக் கா இரிக்கி?"

"எந்தத் தம்பிக்கு?"

"உங்கட ஊட்டாருக்குத்தான். பள்ளில கதிரையில இருந்து தொழுறாராமே. எங்கட இவர் கண்டுட்டு வந்து சொன்னார். எனக்கு மனசு கேக்கல்ல."

என் வீட்டுக்காரர் பள்ளியில் எப்படித் தொழுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டை விட்டு வெளிக்கிடும்போது நடந்துதான் போகிறார். வரும்போதும் நடந்துதான் வருகிறார். இடையில் நடப்பது ஆண்களுக்கும் அல்லாஹ்வுக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் 'எனக்குத் தெரியாது' என்று ராத்தாவிடம் சொல்ல முடியுமா? ஊர் என்ன நினைக்கும்? "கொஞ்சம் பரவாயில்ல ராத்தா" என்று சொல்லிவைத்தேன். மால்ட் டின்னையும் வாங்கிக்கொண்டேன்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரரை இந்தப் பத்தியில் 'இவர்' என்றுதான் எழுதுவேன். பெயர் போட்டால் கோபிப்பார். ஐம்பதைத் தொடவில்லை. கொழும்புக் கம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவு. முன்பு கல்முனையில் அவர்களுக்கு ஒரு கிளை இருந்தது. மோட்டார் சைக்கிளில் போய் வருவார். பிறகு கிளையை மூடிவிட்டு, எல்லோரும் வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் இவருக்கு அதனால் பெரிய மரியாதை. வெயில் இல்லை, மழை இல்லை, பஸ் இல்லை — இருந்த இடத்தில் உழைப்பு! வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற என் மச்சான்மார் வந்தால், இவருடைய சுழல் கதிரையைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். கொடுத்து வைத்தவர் என்பார்கள். இவரும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கதிரையில் ஒரு ராஜ வாழ்க்கைதான் நடந்தது. காலையில் பிளேன்டீ மேசைக்குப் போகும். தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில். போன் சார்ஜர் மேசைக்குக் கீழே. மகள் ஸஹ்ரா மாம்பழம் வெட்டினால் அதுவும் முள்ளுக்கரண்டியோடு போகும். வீட்டில் இருக்கிற ஆம்பிளைக்கு எல்லாம் கைக்குப் போவதுதானே எங்கள் பக்கத்து வழக்கம்? ஒபிசில் இருந்த காலத்தில்கூட டீ குடிக்க எதிர்க் கடைக்கு நடந்தார். ஒபிஸ் வீட்டுக்கு வந்தபிறகு அந்த நடையும் போய்விட்டது.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். ராத்தாவை அனுப்பிவிட்டு உள்ளே வர, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு பள்ளிப் பாங்கு கேட்கும். ஒன்று முடிகிற நேரம் அடுத்தது தொடங்கும். நானும் தொழுதுவிட்டு, இவரிடம் இரண்டு வார்த்தை கேட்போம் என்று முன் அறைக் கதவைத் தள்ளினேன்.

தள்ளினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

இவருடைய மேசை கிழக்குப் பார்த்தது. தொழும்போது முகம் வைக்கிற கிப்லா எங்களுக்கு மேற்கே. மனிதர் எழும்பவே இல்லை... கதிரையை ஒரு சுற்றுச் சுற்றி மேற்கே திருப்பி, அதிலேயே இருந்து தொழுதுகொண்டிருக்கிறார்! ருகூஉவுக்குக் குனியும்போது கதிரை ஓடிவிடக் கூடாதே — அதற்காகச் சில்லுகளுக்குப் பழைய பேப்பரை மடித்து அணை கொடுத்திருக்கிறார். லொறிக்குக் கல் வைக்கிற மாதிரி. தொழுகைப் பாய் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது.

வலப்பக்கம் ஸலாம். இடப்பக்கம் ஸலாம். ஸலாம் கொடுத்த கையோடு நிலத்தில் காலால் ஓர் உந்து. கதிரை திரும்பியது. கை கீபோர்டில்!

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்கவா வேண்டும்? ஏலாதவருக்குக் கதிரை ஆகும். அதில் யாருக்கும் பேச்சில்லை. மார்க்கம் அவ்வளவு இலேசாக்கித் தந்திருக்கிறது. ஆனால் இந்த மனிதர் காலையில்தான் மா மரத்துக்குக் கீழே நின்று பூனையை விரட்டினார். மீட்டிங் இடைவெளியில் எழும்பச் சோம்பி, பஞ்சிப்பட்டு, அல்லாஹ்வுக்கு முன்னாலும் சில்லு வைத்த கதிரையா? வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். பள்ளிக் கதிரையையும் சொன்னேன், ராத்தாவின் மால்ட்டையும் சொன்னேன். ஊர் முழுக்கத் தெரிந்தபிறகு எனக்குத் தெரிய வேண்டுமா என்று கேட்டேன்.

இவர் வழக்கமாக ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்கிற ஆள். அன்று லெப்டொப்பை மூடினார். பிறகு சாரத்தை முழங்காலுக்கு மேலே உயர்த்தி வலக்காலைக் காட்டினார். கணுக்காலைச் சுற்றி வீங்கியிருந்தது. விரலால் அமர்த்தினார், அமர்த்தின இடம் குழியாக நின்றது.

"பஞ்சியில்ல புள்ள. சுஜூதுக்கு நிலத்துல நெத்திய வெச்சா எழும்ப ஏலாம இரிக்கி. நோம்புல தராவீஹ் தொழக்குள்ளயே இந்தக் கால் மரக்கத் துவங்கிட்டு." சாரத்தை இறக்கிவிட்டுச் சொன்னார்: "வாப்பாக்கும் இப்பிடித்தான் துவங்கின."

என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியாது. இவருடைய வாப்பாவை நான் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு கால் மரத்தது. பிறகு ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. மௌத்தாகும்வரை கட்டிலோடுதான் கிடந்தார். அவரைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, ஊட்டிவிட்டதெல்லாம் இவர்தான். அந்தப் பயத்தை இத்தனை நாளாக ஒரு சுழல் கதிரையில் வைத்து இவர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது?

டொக்டரிடம் போவோம் என்றால் மாட்டாராம். போனால் அதுதான் என்று சொல்லிவிடுவார்களாம்! ஆண்களின் இந்த நியாயத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பார்க்காமல் விட்டால் இல்லாமல் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. "நீங்க வரல்லண்டா ராத்தாவக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லுவன்" என்றேன். மறுநாள் காலையில் கல்முனைக்குப் போனோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் சின்ன வயது டொக்டர் பிள்ளை ஒருவர். கண்ணாடி, அமைதியான முகம். இரத்தம் எடுத்தார்கள். பிரஷர் பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். காலில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்று சொல்லி, இவரை உள்ளே கூட்டிப் போனார்கள்.

நான் வெளியே நீள வாங்கில் இருந்தேன். என்னென்ன யோசனையெல்லாம் வந்தது தெரியுமா? கட்டிலை எந்த அறையில் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். ஸலவாத்து ஓத வாய் அசைகிறது, மனம் கட்டிலுக்கு இடம் பார்க்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து "பயப்படாதீங்க மகள்" என்றார். யார் பெற்ற தாயோ. அந்தக் கையை நான் விடவில்லை.

கடைசியில் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் பிள்ளை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நோய், வருத்தம் என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று இவரிடம் கேட்டார். இவர் சொன்னார். காலையில் கதிரை. பகல் கதிரை. பின்னேரம் கதிரை. சாப்பாடு? கதிரை. தண்ணீர்? மேசையில். டீ? அதுவும் வரும். டொக்டர் மெல்ல என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"இரத்தக் கட்டி இல்ல. பாரிசவாதத்துக்கான அறிகுறி ஒண்டும் இல்ல. உங்கட வாப்பாட வருத்தம் உங்களுக்கு இல்ல, ஐயா," என்றார். "உங்கட வருத்தம் அந்தக் கதிரைதான்."

யா அல்லாஹ்... அந்த ஒரு நிமிடத்தை எப்படி எழுத? நெஞ்சில் ஏற்றி வைத்த நெல்மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இவர் தன் காலைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணிக்கணக்காக அசையாமல் தொங்கவிட்டால் காலில் நீர் இறங்குமாம். கதிரை விளிம்பு தொடையை அமர்த்தினால் மரக்குமாம். தொடைத் தசையும் வேலை இல்லாமல் சோர்ந்துவிட்டதாம். அதனால்தான் நிலத்துக்குப் போனவர் எழும்ப முடியாமல் தடுமாறுகிறார். மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. அடிக்கடி எழும்புங்கள், நடங்கள், நிலத்தில் இருந்து எழும்பிப் பழகுங்கள். அவ்வளவுதான். வீக்கம் கூடினால் மட்டும் உடனே வரச் சொன்னார். (கால் வீங்கினால் எல்லாருக்கும் கதிரைதான் காரணம் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். காட்டிவிட்டு வாருங்கள்.)

பஸாரில் ஆட்டோ பிடிக்கக் கையைக் காட்டினேன். இவர் வேண்டாம் என்றார். கொஞ்சத் தூரம் நடப்போமே என்றார். கல்யாணம் முடித்த புதிதில் நடந்ததற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நடந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். மெதுவாகத்தான் நடந்தோம். வெயில் எரித்தது. அது எங்களுக்குத் தெரியவே இல்லை.

சரி, 'அடிக்கடி எழும்புங்கள்' என்று டொக்டர் சொல்லிவிட்டார். சொல்வது லேசு. செய்வது? போனில் அலாரம் வைத்தார். அது அடிக்கும். இருந்த இடத்திலிருந்தே ஒரு விரலால் அமர்த்துவார். அலாரத்தை அமர்த்த எழும்பத் தேவையில்லையே! இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் வீட்டில் சட்டத்தை மாற்றினேன்.

இனி மேசைக்கு ஒன்றும் வராது. தண்ணீர் குசினியில். பிளேன்டீ குசினியில். சார்ஜர் பின் அறையில். போன் வந்தால் நடந்துதான் கதைக்க வேண்டும். முக்கியமான சட்டம் கடைசியில் — கேற்றில் யார் கூப்பிட்டாலும் போகிறவர் இவர்தான்.

இந்தக் கடைசிச் சட்டத்தின் கனம் எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் விளங்கும். காலையில் மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். பிறகு பேக்கரிப் பாண்காரர் பாட்டோடு வருவார். கறிவேப்பிலை கேட்டுப் பக்கத்து வீடு. கல்யாணம் சொல்ல ஒரு கூட்டம். பள்ளிக் கட்டிடத்துக்கு வசூல் செய்ய ஒரு கூட்டம். 'ஊட்ட ஆக்கள் இரிக்கியளா' என்று கேட்டுக்கொண்டு யாராவது வந்தபடியே இருப்பார்கள். கொழும்பில் பெல் அடிக்காத வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்களோ, பாவம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன கதை ஊரில் பரவிவிட்டது. நோய் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். எழும்பாதீங்க! இரிங்க, இரிங்க! ஒருவர் இவரைத் தோளில் பிடித்து அமர்த்தியே வைத்துவிட்டார். எழும்ப வேண்டும் என்பதுதான் மருந்து என்று சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

ஆனால் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. உள்ளே இருந்து கதைப்பது கொஞ்சம். 'போயிட்டு வாறன்' என்று எழும்பி, கேற்றடிக்கு வந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு கதைப்பதுதான் அதிகம். குமரைக் கரைசேர்த்த கதை, வயலுக்குத் தண்ணீர் வராத கதை, வெளிநாட்டில் இருக்கிற மகன் கதை எல்லாம் கேற்றடியில்தான் வெளியே வரும். வந்தவரை வழியனுப்பாமல் விடுவது மரியாதையா? இவர் ஒவ்வொருவரோடும் கேற்றடிவரை நடந்தார். அங்கே நின்றார். நின்றார்... நின்றுகொண்டே இருந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள், நோயாளிக்குத் தெரியாமலே அவரைக் குணப்படுத்திவிட்டுப் போனார்கள்!

போன் சட்டமும் நன்றாகத்தான் போனது. மேலே சேர்ட், கீழே சாரம், காதில் இயர்போன். கிணற்றைச் சுற்றிச் சுற்றி இங்கிலீஷில் ஒபிஸ் கதை. ஒருநாள் மீட்டிங் நடுவே எங்கள் சேவல் கூவிவிட்டது. கொழும்பில் இருக்கிற பெரியவர், அது யார் என்று கேட்டாராம். இவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே மர்ளியா ராத்தா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். முகத்தில் சரியான கவலை.

"என்னகா... தம்பி இப்ப தனியக் கதைச்சிக்கிட்டுத் திரியிறார்?"

இன்னொரு மால்ட் டின் வருவதற்குள் ஓடிப்போய் விளக்கப்படுத்தினேன்.

வீக்கம் வற்றியது. மரப்பும் குறைந்தது. ஆனால் சுஜூது? அதைப் பற்றி இவர் வாய் திறக்கவில்லை. அறைக் கதவை மூடிக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து, நிலத்தில் இருந்து எழும்பிப் பழகினார். சில நேரம் உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்கும். நான் கதவைத் தட்டமாட்டேன். பள்ளியில் இப்போது எங்கே தொழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "பாப்பம்" என்றார். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் என்ன சம்பந்தம்? கதிரையில்தான் தொழுகிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. எங்கள் ஊரில் கடற்கரையில்தான் பெருநாள் தொழுகை. தோணிகளை ஒதுக்கிவிட்டு, மணலில் வரிசை கட்டுவார்கள். முன்னால் ஆண்கள், பின்னால் சீலை மறைப்புக் கட்டி நாங்கள். பள்ளியென்றால் கதிரை இருக்கும். கடற்கரையில் யார் வைப்பார்கள்? ஊர் முழுக்கக் கூடுகிற இடத்தில், குனிந்துவிட்டு எழும்ப முடியாமல் இவர் தடுமாறினால்? குசினியில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டேன்.

அது எதற்கு என்றார். எனக்கு என்றேன். நம்பவில்லை. நம்பின மாதிரி நடந்தார்.

கடற்கரையில் கதிரையை வாங்கிக்கொண்டு முன்னால் போனார். வரிசை ஓரத்தில் அதை வைத்ததை மறைப்பு இடைவெளியால் கண்டேன். தக்பீர் கட்டினதும் ஒன்றும் தெரியவில்லை. முதுகுகள்தான் தெரிந்தன. ருகூஉ. பிறகு சுஜூது. எல்லோரும் நிலத்தில் விழுகிற நேரம் கதிரையில் இருக்கிற ஆள் மட்டும்தான் தனியே மேலே தெரிவார். ஒரே ஒரு பார்வை போதும். ஆனால் நானும் அந்த நேரம் சுஜூதில்தானே இருக்கிறேன்? தலையை உயர்த்திப் பார்க்கவா முடியும்! கடல் சத்தம் மட்டும் கேட்டது. அல்லாஹ்விடம் கேட்க வேண்டியதை அங்கேயே கேட்டுவிட்டேன்.

குத்பாப் பிரசங்கம் முடிந்து, ஆளுக்காள் கட்டிப்பிடித்து முஸாபஹா செய்து, கூட்டம் கலைந்தது. ஸஹ்ராதான் முதலில் கண்டாள். "உம்மா, வாப்பாட முகத்தப் பாருங்க" என்றாள்.

நெற்றி முழுக்க மணல்! மூக்கு நுனியிலும் மணல். புதுச் சாரத்தின் இரண்டு முழங்காலிலும் வட்ட வட்டமாக மணல். கதிரையைத் தூக்கின அவசரத்தில் தொழுகைப் பாயை நான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மனிதர் வெறும் மணலில் நெற்றியை வைத்திருக்கிறார். வைத்துவிட்டு எழும்பியும் இருக்கிறார்.

ஸஹ்ரா சால்வையால் துடைக்கப் போனாள். இருக்கட்டும் மகள், விடு என்றேன். எனக்கு அதைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. இவர் சிரித்தார். "பாத்தயா?" என்று மட்டும் கேட்டார். நான் எங்கே பார்த்தேன்? ஆனாலும் "ஓம், பாத்தன்" என்றேன்.

வீட்டிலிருந்து உழைக்கிற என் வாசகர்களே, உங்கள் கதிரையும் நல்ல கதிரையாகத்தான் இருக்கும். நிலத்தில் நெற்றி வைத்து எழும்ப முடிகிற காலம் வரைக்கும் அடிக்கடி எழும்பிக்கொள்ளுங்கள். கேற்றில் யாராவது கூப்பிட்டால் நீங்களே போங்கள்.

கடற்கரைக்குப் போகும்போது அந்த நீலக் கதிரையைத் தூக்கினது நான். வரும்போது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தது இவர்.